சூசையின் வலையை நான் அவிழ்க்காத நாள்

பயணிகள் கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறது, புதிதாகச் சேர்ந்த பெண்களிடம் வந்து இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று போன வாரம் துறைமுகத்திலிருந்து கூப்பிட்டார்கள். இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆளா நான்? ராயபுரத்தில் பிறந்தவள். ஒரு மணி நேரம் பேசினேன். மெஷினையும் பார்த்தேன். அடேயப்பா, பை உள்ளே போன வேகத்தில் கத்தியைக் கண்டுபிடித்து அதைச் சுற்றித் தானாகவே சிவப்புக் கட்டம் போடுகிறது. நாங்கள் கண் எரிய எரியப் பார்த்துக் கண்டுபிடித்ததை அது கொட்டாவி விடுகிற நேரத்தில் முடித்துவிடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டாள்: "எல்லாத்தையும் மெஷினே சொல்லிடுது மேடம். அப்புறம் நாங்க எதுக்கு?"

அங்கே நின்றபோது அவளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதுமே பதில் வந்துவிட்டது. அதைத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. அந்தமானுக்குக் கப்பல் ஏறுகிறவர்களின் பையையும், பெண்களாக இருந்தால் உடம்பையும் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். விமானத்தில் போகிறவர்கள் பெல்ட்டைக் கழற்றச் சொன்னதற்கும் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கியதற்கும் கோபப்படுவது செய்தியில் வரும். கப்பலில் போகிறவர்களின் கோபம் எந்தச் செய்தியிலும் வராது. நேராக எங்கள் முகத்துக்குத்தான் வரும்.

பயிற்சி என்று விமான நிலையத்தில் ஆறு வாரம் கொடுத்தார்கள். மானிட்டரில் ஆரஞ்சு நிறம் தெரிந்தால் துணி, சோறு, சோப்பு மாதிரி சாமான். நீலம் என்றால் இரும்பு. பச்சை என்றால் இரண்டும் கலந்தது. கருப்பு என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று மெஷினுக்கே தெரியாது, பையைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டது இந்த நான்கு வரிதான். மற்றதெல்லாம் கப்பல் ஜனங்கள் கற்றுக்கொடுத்தார்கள்.

விமானத்தில் போகிறவன் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவான். அந்தமானுக்குப் போகிறவர்கள் வீட்டையே மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். அம்மிக்கல், தையல் மெஷின், முருங்கைக் குச்சி, பிளாஸ்டிக் குடத்தில் ஊறுகாய், மீன் வெட்டுகிற அரிவாள்மணை. கூர்மையான சாமானைக் கப்பல் ஆபீசரிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம் என்பது விதி. இதை ஒருவரிடம் சொன்னால் புரியும். வெயிலில் மூன்று மணி நேரம் நின்ற நானூறு பேரிடம் சொன்னால் என்ன ஆகும்? "பிளேன்ல போறவனுக்கு ஒரு ரூலு, எங்களுக்கு ஒரு ரூலாம்மா?" என்பார்கள். "உன் மாமியாகிட்ட போயி புடுங்கு" என்பார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன், வாய்க்கு வாய் கொடுப்பேன். அந்த வயதில் அதுதான் வேலை செய்வது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் இன்ஸ்பெக்டராகத் தங்கதுரை சார் வந்த பிறகுதான் இது மாறியது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒல்லியான ஆள். சட்டைக் கை எப்போதும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருக்கும். அவர் சத்தம் போட்டுப் பேசி ஒரு தடவை கூட நான் கேட்டதில்லை. எதிரில் இருப்பவர் எவ்வளவு சத்தம் போடுகிறாரோ அவ்வளவுக்கு இவர் குரலைக் குறைப்பார். கடைசியில் அவர் சொல்வது கேட்க வேண்டுமே என்பதற்காக எதிராளியும் வாயை மூடுவார். இதை ஒரு வித்தையாகவே வைத்திருந்தார்.

அவர் வந்த முதல் மாதம் ஒன்று நடந்தது. என்னோடு வேலை பார்த்த சேகர், போர்ட் பிளேருக்கு வேலைக்குப் போகிற ஒரு நர்ஸின் பையைத் தலைகீழாகப் பிடித்து மேசையில் கொட்டினான். உள்ளாடையெல்லாம் வெளியே கிடக்க, பின்னால் நின்ற ஆண்கள் வேடிக்கை பார்க்க, அந்தப் பெண் துணிகளை அள்ளி அள்ளி மடியில் மறைத்துக்கொண்டாள். முகம் செத்துவிட்டது. சார் வந்தார். என்னைக் கூப்பிட்டு அவள் துணிகளை மடித்து அடுக்கச் சொன்னார். அப்புறம் சேகரிடம், "தம்பி, ஒங்க பையையும் இங்கன கொண்டாங்க" என்றார்.

சேகர் தன் பையை எடுத்து வந்தான். "அவுக பைய எப்படிக் கொட்டுனியளோ அப்படியே கொட்டுங்க." வரிசை மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் கொட்டினான். டிபன் பாக்ஸ், பல் போன சீப்பு, தலைக்கு அடிக்கிற டை பாக்கெட், உள்பாவாடை நாடா மாதிரி ஏதோ ஒரு கயிறு. நானூறு பேரும் சிரித்தார்கள். அந்த நர்ஸும் சிரித்தாள். சார் மட்டும் சிரிக்கவில்லை. "தொறக்கறது அவுக கை. அடுக்குறது நம்ம கை" என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றிலிருந்து அதுதான் எங்கள் கூடத்துச் சட்டம். பயணி தன் பையைத் தானே திறப்பார், நாங்கள் பார்ப்போம். பார்த்து முடித்ததும் நாங்களே முன்பு இருந்தது போல் அடுக்கிக் கொடுப்போம். நம்ப மாட்டீர்கள், பாதித் திட்டு அதோடு நின்றுவிட்டது.

இன்னொன்றையும் கொண்டுவந்தார். ஒரு நோட்டு. மானிட்டரில் கருப்பு விழுந்த பை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, பயணியின் பெயர், உள்ளே இருந்த சாமான், பார்த்தவரின் கையெழுத்து எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். கப்பல் கிளம்பும் முன்பு சார் ஒரு டீயை வைத்துக்கொண்டு அந்த நோட்டையும், மெஷினில் பதிவான படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். டீ ஆறிப் போகும், அவர் பார்த்துக்கொண்டேயிருப்பார். எங்களுக்கு அது தேவையில்லாத வேலையாகத் தெரிந்தது. பின்னால் கேலி செய்வோம்.

இனி சூசையிடம் வருகிறேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. மாலை நான்கு மணிக்குக் கப்பல். கூடத்தில் மின்விசிறி இரண்டு ஓடவில்லை. மதியத்திலிருந்து மூன்று சண்டை முடிந்து நான்காவது நடந்துகொண்டிருந்தது. அப்போது கோணி போட்டுத் தைத்த பெரிய மூட்டை ஒன்று பெல்ட்டில் வந்தது. மானிட்டரில் பார்த்தால் வரிசை வரிசையாகக் கருப்பு மணிகள், சுருள் சுருளாக. பயிற்சியில் காட்டின துப்பாக்கித் தோட்டா மாலை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பக்கத்தில் நின்ற புதுப் பையன் பயந்துபோய் ஓரடி பின்னால் போனான்.

நான் சிரித்தேன். என் அப்பா காசிமேட்டில் வலை கட்டினவர். வலையின் அடிக்கயிற்றில் ஈயமணி கோத்து, கடலில் அது கீழே இறங்குகிற மாதிரி செய்வார்கள். ஆயிரம் ஈயமணி என் விரலாலேயே நசுக்கிக் கோத்திருக்கிறேன். இதைப் போய்த் தோட்டா என்று நினைப்பேனா?

மூட்டைக்காரர் முன்னால் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெளுத்த சட்டை, கழுத்தில் செபமாலை. பக்கத்தில் மனைவி அந்தோணியம்மா புதுப்புடவையில் நின்றாள்.

"வலைதானே?" என்றேன்.

"ஆமா யக்கா. போர்ட் பிளேர்ல திங்கக்கெயம எம்பொண்ணுக்குக் கண்ணாலம். மாப்ளைக்கு நானே கட்ன வலை. மூணு மாசம் குந்திக்கினு கட்னேன்."

"அவுக்கணுமே."

"யக்கா, இத்த அவுத்தேன்னு வெய்யி, திருப்பி சுருட்டறதுக்குள்ள கப்பலு அந்தமானு பூடும்."

அது உண்மை. சுருட்டிய வலையைப் பிரித்தால் என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பின்னால் வரிசை கத்துகிறது. கோயிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்துத் தேதி குறித்தாகிவிட்ட கல்யாணம். கப்பல் போய்ச் சேர மூன்று நாள். இதை விட்டால் அடுத்த கப்பல் பத்து நாள் கழித்துத்தான். ஒரு பக்கம் மனசு இளகியது. இன்னொரு பக்கம் என் கண் மேல் எனக்கு இருந்த திமிர். அதையும் சொல்லத்தானே வேண்டும். நோட்டை இழுத்து, 'சூசை, வலை, திறந்து பார்த்தது, சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "போங்க அண்ணே, கல்யாணத்தை ஜாம் ஜாம்னு நடத்துங்க" என்று வாழ்த்தும் சொன்னேன்.

மூன்று மணிக்கு சார் என்னை மானிட்டர் பக்கம் கூப்பிட்டார். டீ ஆறிக் கிடந்தது. திரையில் அந்த வலையின் படம்.

"பிலோமினா, இதத் தொறந்து பாத்தியளா?"

"பார்த்தேன் சார்."

அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது. அவர் பென்சிலால் திரையைத் தொட்டார். ஈயமணி வரிசைக்கு அடியில், மணிகளின் கருப்போடு கருப்பாக, குறுக்கே மூன்று குழாய் நிழல்.

"அப்பம் இது என்ன?"

ஈயமணியைப் பார்த்ததும் மற்றதைப் பார்ப்பதையே என் கண் நிறுத்தியிருந்தது. தெரிந்த சாமான் என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் கண் எதையும் பார்ப்பதில்லை. வேறு யாராவது மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தால் பயத்திலாவது திறந்திருப்பார்கள். வலைக்காரன் மகள் என்பதால்தான் நான் கோட்டை விட்டேன்.

சார் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "வாங்க போவோம்" என்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

கப்பலில் ஏற ஏணி, ஏறினபின் கீழே இறங்க இரும்புப் படி. சூசை இருந்தது பங்க் கிளாஸில். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, அடுக்கு அடுக்கான படுக்கைகள், நூற்றுக்கணக்கில் ஜனம். ஒருத்தர் பெட்ஷீட் விரிக்கிறார், ஒருத்தி புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறாள், குழந்தைகள் படுக்கைக்குப் படுக்கை தாவுகின்றன. ஒவ்வொரு அடுக்காகக் குனிந்து குனிந்து பார்த்தேன். அறுபது எழுபது படுக்கை தாண்டியபின் அந்தோணியம்மாவின் புதுப்புடவை கண்ணில் பட்டது. மூட்டை அவள் கால்மாட்டில் இருந்தது.

சார் சூசை முன்னால் போய்க் கும்பிட்டார். "ஐயா, ஒங்க வலைய நீங்களே கொஞ்சம் அவுத்துக் காட்டணும்."

"யக்காதான் சரின்னு சொல்லிச்சே" என்று சூசை என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே கோணித் தையலைப் பிரித்தார். வலை மடிப்பு மடிப்பாக வெளியே வந்தது. நடுவில் ஒரு பழைய லுங்கியில் சுற்றிய பொட்டலம். அதற்குள் மூன்று ஆபத்து வாணங்கள். படகு கவிழப் போகும்போது கயிற்றை இழுத்தால் சிவப்பு நெருப்பாக வானத்தில் எழும்பும் சமாசாரம். எப்போதோ காலாவதியானவை. அடித்தளத்தில், நானூறு பேர் படுத்திருக்கிற இடத்தில், ஒன்று தானாகப் பற்றினால் என்ன ஆகும்?

"இது எதுக்குய்யா?" என்றார் சார்.

சூசைக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "கப்பலு முழுகினா இன்னா பண்றது? கையில மூணு ராக்கெட்டு இருந்தா எவனாவது பாத்துட்டு வருவான்ல?"

"கப்பல்லயே வெச்சிருக்காங்களே."

"அது அவங்க வெச்சிக்கினுகீறாங்க. அத்த நம்பியா எம்பொண்டாட்டிய இட்டுக்கினு போவேன்? முப்பது வருசமா ராக்கெட்டு இல்லாம நான் கடலுக்குப் போனதில்ல சார்."

ஐந்நூறு பேர் போகிற கப்பலுக்குத் தன் கையிலிருந்து பாதுகாப்பு கொண்டுவந்திருக்கிறார் மனுஷன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அதற்குள் சுற்றிலும் கூட்டம். ஒரு பெரியவர், "கண்ணாலத்துக்குப் போறவன ஏம்மா இப்டி பேஜாரு பண்றீங்க?" என்றார். கப்பல் ஆபீசர் ஒருவர் வந்து வாணத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்து, "இந்த ஆளை உடனே இறக்குங்க, இன்னும் இருபது நிமிஷத்துல ஏணியை எடுக்கப்போறோம்" என்றார். அந்தோணியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியை விடவில்லை.

சார் என்னைப் படி ஓரமாகக் கூப்பிட்டார். குரல் இன்னும் இறங்கியிருந்தது. எதிரில் இரைச்சல் அவ்வளவு.

"பிலோமினா, நோட்டுல தொறந்து பாத்ததுன்னு இருக்கு. தொறந்து பாத்தப்ப இல்லாத சாமான் இப்பம் இருக்குன்னா, சோதனை முடிஞ்சபெறவு அவரு ஒளிச்சு வெச்சதா ஆகும். எறக்கி போலீஸ்ல ஒப்படைக்கணும், வேற வழியில்ல. தொறக்கவே இல்லன்னா, சோதனை இன்னும் முடியல. நாம கேட்டம், அவரே அவுத்து எடுத்துக் குடுத்தாரு. சீட்டு எழுதி வாங்கிட்டு அனுப்பிரலாம். அதனால ரெண்டாந்தடவ கேக்கேன். தொறந்தியளா?"

அந்த மாதம் மேற்பார்வையாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. பதினைந்து வருடக் காத்திருப்பு. நோட்டில் பொய் எழுதினவள் என்று ஆனால் பட்டியலிலிருந்து போய்விடும், வேலையே தங்குமோ என்னவோ. சாருக்கு விஷயம் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார். தானாக எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். என் வாயால் வர வேண்டும், அதை எந்த மெஷினும் சொல்லாது. ஒரு நொடி, சத்தியமாக ஒரே நொடி, 'பார்த்தேன்' என்று மறுபடி சொல்ல நாக்கு எழும்பியது. அந்தோணியம்மாவின் பிடி மணிக்கட்டில் இன்னும் சுட்டது.

"திறக்கல சார். திறக்காமலே எழுதிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். நான் எழுதின வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, 'திறக்கவில்லை. கப்பலில் பயணியே எடுத்து ஒப்படைத்தார்' என்று எழுதி நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன். கப்பல் ஆபீசர் அதை இரண்டு தடவை படித்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். அப்புறம் சரி என்றார்.

"சுருட்டிக் குடுங்க" என்றார் சார்.

உட்கார்ந்தேன். பத்து நிமிடம். பங்க் கிளாஸ் தரையில் யூனிபாரத்தோடு சம்மணம் போட்டு, ஈயக்கயிற்றை ஒரு பக்கமும் மிதவைக் கயிற்றை ஒரு பக்கமும் பிரித்துப் பிடித்து, முழங்கையில் சுற்றிச் சுற்றி வலையை வாங்கினேன். எத்தனை வருடம் கழித்து! கை மறக்கவில்லை. சூசை எதிரில் உட்கார்ந்து மறுமுனையைக் கொடுத்தார். பாதியில் நிறுத்தி, "யக்கா, நீ வலைக்காரியா?" என்றார். "பேசாம கயித்தை விடுண்ணே" என்றேன். கூட்டத்தில் இரண்டு பேர் கோணியைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசித் தையல் போடும்போது சங்கு ஊதியது.

சார் சீட்டை நீட்டி, வாணம் திரும்பக் கிடைக்காது, அழித்துவிடுவோம் என்று சொன்னார். அங்கேதான் சூசைக்குக் கோபம் வந்தது. அதுவரை வராத கோபம். "திருப்பிக் குடுக்க மாட்டியா? இத்தினி பேத்துக்கு நடுவுல அவுத்து மானத்த வாங்கிட்டு, சாமானையும் புடுங்கிக்கினியா?" என்று என்னைப் பார்த்துத்தான் கத்தினார். பதில் சொல்ல நேரமில்லை. நாங்கள் படி ஏறி, ஏணியில் இறங்கி, கரையில் கால் வைத்ததும் ஏணியை மேலே தூக்கினார்கள்.

கப்பல் மெல்ல விலகியது. மேல்தளக் கம்பி ஓரத்தில் ஜனங்கள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு சூசை முன்னால் வந்தார். கையாட்டவில்லை. என்னை நோக்கி விரலை நீட்டிக் கத்தினார்.

"யோவ், இந்தப் பொம்பளதான்யா என் ராக்கெட்ட புடுங்கினா. கப்பலு முழுகட்டும், அப்பால கீது உனுக்கு."

மேல்தளமே என்னைப் பார்த்து ஊளையிட்டது. சார் ஆபீசுக்குப் போகத் திரும்பினார். மெமோ எழுத வேண்டும், எனக்குத்தான். "நீங்க மெதுவா வாங்க" என்றார்.

நான் நகரவில்லை. சூசை திட்டத் திட்ட எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். இவ்வளவு சந்தோஷம் அதற்கு முன்பும் பின்பும் அந்த வேலையில் எனக்கு வந்ததில்லை. அவர் குரல் கேட்கிறவரை அவர் கப்பலில்தான் இருக்கிறார், பெண்ணின் கல்யாணத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார். தண்ணீர் அகலமாகி, அந்தத் திட்டு காதுக்கு எட்டாமல் போன பிறகுதான் உள்ளே போய் மெமோவில் கையெழுத்துப் போட்டேன்.